பொறுங்கோ

நான் இருக்கும் ஃபிரிஸ்கோ, புகையிரதக் கம்பனியொன்றின் பெயரைத் தன் பெயராகச் சூடிக்கொண்ட ஊர். 1990ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆறாயிரம் பேர்தான் இருந்திருக்கிறார்கள். 2020இல் இரண்டு இலட்சத்தைத் தாண்டிவிட்டது. வந்து சேர்ந்தவர்களில் நாங்களும் அடக்கம். இங்கிருந்து தெற்கே டலஸ் நகரை நோக்கிக் காரில் போனால், தெரு நெரிசலாக இல்லாவிட்டால், முக்கால் மணித்தியாலத்துக்குள் பார்க்லண்ட் வைத்தியசாலை வந்துவிடும். 1963இல் சுடப்பட்ட கென்னடியைக் கொண்டுபோன இடம் என்றுதான் உலகம் அதை அறியும். எரிகாயக்காரரைப் பராமரிப்பவர்களுக்கு அந்தப் பெயர் வேறொன்றைச் சொல்லும். எரிந்த உடம்பிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருக்கும். அதை ஈடுசெய்யாவிட்டால் ஆள் முதல் நாளிலேயே போய்விடுவார். ஆளின் நிறை எத்தனை கிலோ, உடம்பில் நூற்றுக்கு எத்தனை பங்கு எரிந்தது, இரண்டையும் பெருக்கி நாலால் பெருக்கு. அத்தனை மில்லிலீற்றர் திரவத்தை 24 மணித்தியாலத்தில் ஏற்று. அதில் பாதியை முதல் 8 மணித்தியாலத்துக்குள் ஏற்று. அறுபது கிலோ நிறையுள்ள ஒருவருக்கு நூற்றுக்கு நாற்பது எரிந்திருந்தால் ஒன்பதரை லீற்றருக்கு மேல் வரும். சார்ள்ஸ் பாக்ஸ்ரர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் அங்கே வகுத்த இந்தக் கணக்கு, 'பார்க்லண்ட் சூத்திரம்' என்ற பெயரோடு உலகமெங்கும் போயிற்று. எத்தனையோ ஆயிரம் பேரைப் பிழைக்க வைத்தது.

பிழைக்க வைப்பதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

1973 யூலையில் இதே பார்க்லண்டுக்கு ஓர் இளைஞரைக் கொண்டுவந்தார்கள். டொனால்ட் கவார்ட், வயது 25, விமானப்படையில் விமானியாக இருந்தவர். கிழக்கு ரெக்ஸாஸில் ஒரு காணியைப் பார்க்கத் தகப்பனோடு போயிருக்கிறார். நிலத்தடிக் குழாயிலிருந்து கசிந்த வாயு அந்தப் பள்ளத்தில் தேங்கி நின்றது இருவருக்கும் தெரியாது. காரை ஸ்ரார்ட் பண்ணியதும் வெடித்தது. தகப்பன் வைத்தியசாலைக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனார். மகனுக்கு உடம்பில் மூன்றில் இரண்டு பங்கு எரிந்துவிட்டது; பார்வை போயிற்று; கைவிரல்கள் உருக்குலைந்தன. ஓடிவந்த விவசாயியிடம் அவர் முதலில் கேட்டது ஒரு துப்பாக்கி. விவசாயி கொடுக்கவில்லை.

அன்று தொடங்கி ஒரு வருடத்துக்கு மேலாக, வைத்தியசாலை மாறி வைத்தியசாலை, அவர் ஒன்றையேதான் கேட்டார்: சிகிச்சையை நிறுத்துங்கள், என்னை விடுங்கள். எவரும் விடவில்லை. தாய் கையெழுத்து வைத்தார், டொக்டர்மார் தொடர்ந்தார்கள். பெரிய தொட்டியில் கிருமிநாசினி கலந்த நீருக்குள் இறக்கிக் காயத்தைக் கழுவுவார்கள். பச்சை இறைச்சியில் அந்த நீர் படும்போது கத்துவார். கேட்ட அளவு வலி மருந்து கிடைக்கவில்லை என்று பின்னாளில் சொன்னார். கல்வெஸ்ரன் வைத்தியசாலையில் 1974இல் றொபேட் வைற் என்ற மனநல மருத்துவர் அவரைச் சோதித்து, இந்த ஆளின் புத்தி தெளிவாகவே இருக்கிறது என்றார். அவரைப் பேசவைத்துப் படமும் எடுத்தார். மருத்துவ அறம் படிக்கிறவர்கள் இன்றும் பார்க்கிற படம் அது. அதே 1973இல்தான் அமெரிக்க வைத்தியசாலைச் சங்கம் நோயாளரின் உரிமைகள் என்றொரு பட்டியலை ஏற்றுக்கொண்டது. சட்டம் விடும் அளவுக்குச் சிகிச்சையை மறுக்கலாம் என்று அதிலே இருக்கிறது. காகிதத்தில் இருந்தது கட்டிலுக்கு வந்து சேரவில்லை.

கவார்ட் பிழைத்தார். தற்கொலைக்கு முயன்று, அதிலும் பிழைத்தார். டக்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டார். சட்டம் படித்து 1986இல் பட்டம் பெற்று வழக்கறிஞரானார், கலியாணம் கட்டினார். சந்தோஷமாக இருக்கிறேன் என்று அவரே சொன்னார். 2019இல்தான் காலமானார். இத்தனைக்கும் பிறகு, "அப்போ அவர்கள் செய்தது சரிதானே" என்று கேட்டவர்களுக்கெல்லாம் கடைசிவரை அவர் சொன்ன பதில்: இல்லை, பிழைதான்.

இந்த 'இல்லை'யை நான் பல நாள் எனக்குள்ளே உருட்டிப் பார்த்திருக்கிறேன். எங்களுடைய சனத்துக்கு மிகவும் பிடித்த நியாயம் ஒன்றுண்டு: 'பிறகு நன்றி சொல்லுவாய்.' பள்ளிக்கூடத்தில் அடித்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள். கலியாணம் பேசியவர்கள் சொன்னார்கள், ஏஜென்சிக்காரனிடம் காசைக் கட்டி எங்களை விமானத்தில் ஏற்றியவர்களும் சொன்னார்கள். கவார்ட்டின் வாழ்க்கை அந்த நியாயத்தின் அடியிலேயே கை வைக்கிறது. பிறகு கிடைத்த நல்வாழ்வு, அன்றைக்குச் செய்த பலவந்தத்தை நியாயமாக்கிவிடாது என்கிறார். அதுவும் அந்த நல்வாழ்வை வாழ்ந்துகொண்டே சொல்கிறார். இவருக்கு எதிராக நின்று வாதாடுவது கஷ்டம்.

ஆனால் தாயையும் நான் தள்ளிவிடமாட்டேன். புருஷனைப் புதைத்து ஈரம் காயவில்லை. பிள்ளை சாகவேண்டும் என்கிறது. கையெழுத்துக்குக் காகிதத்தை நீட்டுகிறார்கள். எந்தத் தாய் வைக்காமல் விடுவாள்?

தொட்டிக்குள்ளிருந்து வந்த அந்தச் சத்தம் எப்படி இருந்திருக்கும் என்று நான் கற்பனை செய்யத் தேவையில்லை. வேறொரு வாயிலிருந்து, வேறொரு ஊரில், கேட்டிருக்கிறேன்.

1992. யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலம். மண்ணெண்ணெய் கிடைக்கிற விலையில், ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து அதில் துளி எண்ணெய் விட்டுத் திரி கொளுத்தி, அந்த வெளிச்சத்திலே சோதினைக்குப் படித்தவர்கள் நாங்கள். சின்னம்மாவின் குசினியில் இருந்தது பழைய குப்பி விளக்கு. உயரமான மெல்லிய போத்தல், தகர மூடி. கை தட்டிச் சரிந்தது. அதற்குள் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய்தான் இருந்திருக்கும். கழுத்தும் நெஞ்சும் வலது கையும் எரிய அது போதுமாயிருந்தது. (இலங்கையில் இப்படி எரிந்து வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து, விஜய கொடகும்புர என்ற சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு விளக்கைச் செய்தார்: குட்டையாக, பாரமாக, விழுந்தாலும் உருளாதபடி பக்கங்கள் தட்டையாக, எண்ணெய் சிந்தாதபடி திருகுமூடியோடு. அதற்காக 1998இல் அவருக்கு றோலெக்ஸ் விருது கிடைத்தது. சில ரூபாய்ப் போத்தல் அது.)

எங்கள் ஆஸ்பத்திரிகளில் நோயாளி பராமரிப்பில் பாதி வீட்டுக்காரரின் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு வயது பத்தொன்பது. பகலில் அம்மம்மாவும் இரவிலும் விடியவும் நானுமாக முறை வைத்திருந்தோம். தொட்டி எல்லாம் அங்கே இல்லை. கொதிக்கவைத்து ஆறிய உப்புத் தண்ணி, ஒரு தட்டு, இடுக்கி, வெள்ளைக் களிம்பு. வலி மருந்து தட்டுப்பாடு. காலையில் மிஸி வந்து பழைய துணியை நனைத்து நனைத்து உரிப்பார். செத்த தோலை எடுப்பார். எடுக்காமல் விட்டால் கிருமி பிடிக்கும், கிருமி பிடித்தால் ஆள் தப்பாது. என்னுடைய வேலை சின்னம்மாவின் மணிக்கட்டுகளைப் பிடித்துக்கொள்வது.

சின்னம்மா சொல்லுவா: "பொறுங்கோ மிஸி, பொறுங்கோ."

மிஸி சொல்லுவார்: "பொறுங்கோ அம்மா, கொஞ்சம் பொறுங்கோ."

ஒரே சொல். ஒருவருக்கு அது 'நிறுத்து, கொஞ்சம் இரு' என்பது. மற்றவருக்கு 'தாங்கிக்கொள்' என்பது. இடுக்கி நிற்கவில்லை. நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் விடாமல் பிடித்திருந்தேன். பத்தொன்பது நாள், காலையிலே காலையிலே.

அந்த மிஸியில் எங்களுக்கு அப்போது ஆத்திரம். தலையணை விஷயம் அதை இன்னும் கூட்டியது. கழுத்து எரிந்தவருக்குத் தலையணை வைக்கக்கூடாது என்றார் அவர். அம்மம்மாவுக்கு மனம் கேட்காது; அவர் போனதும் தன் சேலையை மடித்துப் பெற்ற மகளின் தலைக்குக் கீழே வைப்பா. சின்னம்மாவின் முகம் தெளியும். மிஸி திரும்பி வந்து ஒரு சொல் பேசாமல் உருவி எடுப்பார். "கல்நெஞ்சுக்காரி" என்று அம்மம்மா திட்டினது எனக்கு நினைவிருக்கிறது. எரிந்த தோல் ஆறும்போது சுருங்கும். எந்த நிலை உடம்புக்குச் சுகமாயிருக்கிறதோ அந்த நிலையிலேயே இறுகிவிடும். கழுத்தைக் குனிந்து வைத்தால் நாடி நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். கையை மடக்கி வைத்தால் மடங்கியே போகும். சுகமான கிடைதான் ஊனத்தின் கிடை. இதை நான் வாசித்து அறிந்தது இங்கே வந்து பல வருடம் கழித்து. சின்னம்மா பின்னாளில் நிமிர்ந்து முருங்கைக்காய் பறித்தது அந்தக் கல்நெஞ்சுக்காரியால். சேலையை மடித்து வைத்த அன்பு வென்றிருந்தால் அவவின் பார்வை நிலத்தோடு போயிருக்கும். (இரண்டு விரல்கள் மடங்கியேதான் இருந்தன. அதற்குக் கட்டும் பட்டை அங்கே இருக்கவில்லை.)

ஆகவே 'நோயாளி சொன்னதையே செய்' என்று நான் சுலபமாக எழுதமாட்டேன். ஆனால் தலையணையை எடுத்ததும் இடுக்கி நிற்காததும் ஒன்றல்ல என்று இப்போது நினைக்கிறேன். முன்னதற்குக் காயம் காரணம். பின்னதற்குக் காயம் மாத்திரமா காரணம்?

டான் அரியெலி என்ற உளவியல்காரர் பதினெட்டு வயதில் இஸ்ரேலில் எரிகாயப்பட்டுக் கிடந்தவர். கட்டுகளைச் சட்டென்று பிய்த்தெடுப்பதுதான் நல்லது என்று தாதிமார் உறுதியாக நம்பினார்களாம். பிறகு அவர் ஆய்வுகூடத்தில் சோதித்துப் பார்த்தபோது, மெதுவாக, நேரமெடுத்து, இடையிலே இளைப்பாறவிட்டுச் செய்வதே வலியைக் குறைக்கும் என்று கண்டு, அந்தத் தாதியரிடமே போய்ச் சொல்லியிருக்கிறார். அவர்களில் ஒருவர் கேட்டாராம்: எங்களுடைய வலியைக் கணக்கில் எடுத்தாயா? கத்துகிற ஒருவரோடு நீண்ட நேரம் நிற்பது எங்களால் முடியுமா? (இந்த அரியெலி பங்குபற்றிய ஒரு கட்டுரையின் தரவு போலி என்று தெரியவந்து 2021இல் அது மீளப்பெறப்பட்டது, தான் செய்யவில்லை என்று அவர் மறுத்தார். ஆனால் கட்டிலில் கிடந்தவன் சொல்லும் சாட்சியத்துக்கு அட்டவணை தேவையில்லை.)

அந்தத் தாதியின் கேள்வி என் மனதைவிட்டுப் போகவில்லை. எங்கள் மிஸி மருந்து கட்டி முடித்ததும் பின்பக்கத்துப் பைப்படியில் நின்று கை கழுவுவார். தேவைக்கு அதிகமாக நின்று கழுவுவார். நான் அதைப் பார்த்திருக்கிறேன், விளங்கவில்லை. அவருடைய வேகத்தில் பாதி காயத்துக்காக. பாதி, அந்தச் சத்தத்திலிருந்து அவர் தப்புவதற்காக. நான் சுவரைப் பார்த்ததும் அதுக்குத்தான்.

கவார்ட்டின் வழக்கை எழுதிய தத்துவக்காரர்கள் எல்லோரும் ஒரே ஒரு பெரிய கேள்வியைப் பிடித்துக்கொள்கிறார்கள்: சாக விடுவதா, பலவந்தமாகக் காப்பாற்றுவதா? அந்தக் கேள்விக்கு இங்கே சட்டம் ஓரளவு பதில் சொல்லிவிட்டது. புத்தி தெளிந்த வயதுவந்தவர் மறுக்கலாம். மறுக்க உரிமை உண்டென்பதை நோயாளருக்கு வைத்தியசாலைகளே அறிவிக்கவேண்டும் என்று 1990இல் மத்திய சட்டமும் வந்தது. ஆனால் தொட்டிக்குள் ஒருவர் நூறு தரம் 'நிறுத்து' என்று கத்தும்போது அதில் எல்லாம் 'என்னைச் சாகவிடு' என்று பொருளா? சிலது 'ஒரு நிமிஷம்' என்றுதான் இருக்கும். அந்த ஒரு நிமிஷத்தைக் கொடுக்காத இடத்தில், கடைசியில் ஒருவருக்குக் கேட்க மிஞ்சுவது சாவு ஒன்றுதானோ?

இது என் ஊகம். கவார்ட் இதை ஒத்துக்கொண்டிருக்கமாட்டார். நல்ல வலி மருந்தும் மரியாதையும் கிடைத்திருந்தாலும் முடிவு தன்னுடையதாகத்தான் இருந்திருக்கவேண்டும் என்பது அவருடைய நிலை. அவருடைய மறுப்பை என் வசதிக்கு ஏற்றபடி சின்னதாக்கக் கூடாது; அதனால் இதை ஊகமாகவே விடுகிறேன்.

இங்கே ஃபிரிஸ்கோவில் எங்களுக்குப் பழக்கமான நாகர்கோவில் பெண் ஒருவர், நகரத்து எரிகாய விடுதியொன்றில் தாதி. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் இதையெல்லாம் சொன்னேன். அவர் தன் முறையைச் சொன்னார். தொடங்க அரை மணிக்கு முன்பே வலி மருந்து. எந்தக் கையில் முதலில் தொடங்குவது என்று நோயாளியிடம் கேட்பது. முடியுமென்றால் கட்டின் ஒரு நுனியை அவரையே பிடித்து உரிக்கவிடுவது. "நிறுத்துன்னா கையைத் தூக்கிருவேன் அண்ணே. சத்தமா முப்பது எண்ணுவேன். முப்பத்தொண்ணுல திரும்பத் தொடங்கிருவேன். அதையும் முன்னாடியே சொல்லிருவேன்."

"ஒருத்தர், இனிமேல் தொடங்கவே வேண்டாம் என்றால்?"

கறியைக் கிண்டிக்கொண்டிருந்தவர் கரண்டியை வைத்துவிட்டார். "டாக்டரக் கூப்பிடணும், எழுதி வைக்கணும், கேக்கணும். ரெண்டு தடவை நடந்திருக்கு." அதற்குமேல் அவர் சொல்லவில்லை.

சின்னம்மா 2011இல் போய்ச் சேர்ந்தா. அதற்கு இரண்டு வருடம் முந்தி, ரெலிபோனில் ஒருநாள் தைரியம் வந்து கேட்டேன்: அண்டைக்கு நாங்கள் உங்களைப் பிடிச்சு வைச்சுச் செய்தது சரியா, பிழையா? கவார்ட்டின் கதையையும் கொஞ்சம் சொன்னேன். நெடுநேரம் பேச்சில்லை, கோல் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"அது கிடக்கட்டும் தம்பி," என்றா. "நீ ஏன் அண்டைக்கு மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு நிண்டனி?"