மலைக்கு அடியில் பால் கறக்கிறவன்

வீட்டுக் கடமைகளை முடித்துவிட்டுக் கடவுள் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். கோயில் உபன்யாசத்திலும் இதைத்தான் கேட்கிறோம். பிள்ளைகளைக் கரையேற்று, பேரப்பிள்ளைகளைத் தூக்கி வளர்த்துவிடு, அப்புறம் திருவாசகம், பாராயணம், யாத்திரை. முன்வரிசைப் பெண்கள் தலையாட்டுவார்கள். அடுப்பு ஒரு பக்கம், ஆண்டவன் ஒரு பக்கம் என்று அந்தப் பேச்சு நடுவில் போடுகிற கோடு எனக்கு ஒருநாளும் ஒப்பவில்லை. அப்படியானால் கல்யாணமாகி வந்த நாள் முதல் நான் செய்துகொண்டிருப்பது என்ன? கடவுளுக்குக் குறுக்கே நிற்கிற காரியமா?

எங்கள் வீடு செங்கல்பட்டில், ரயிலடிக்கும் பழைய பேருந்து நிலையத்துக்கும் இடைப்பட்ட சந்து ஒன்றில் இருக்கிறது. ஒரே வாசல், ஒரே குழாய், உள்ளே நான்கு குடித்தனம். மகன் சீசன் டிக்கெட் வைத்துக்கொண்டு விடியற்கால எலக்ட்ரிக் ட்ரெயினில் சென்னைக்குப் போகிறவன். மருமகளுக்கு மகேந்திரா சிட்டியில் ஷிஃப்ட் வேலை. பூஜை அறை என்று தனியாக எதுவும் கிடையாது. அடுப்பு மேடைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பலகை. அதில் திருக்கழுக்குன்றத்து வேதகிரீசுவரர், திருப்போரூர் முருகன், ஒரு பெருமாள் படம். பலகைக்குக் கீழே அரிசி டிரம். விளக்குக்கும் அடுப்புக்கும் ஒரே தீப்பெட்டி. குக்கர் ஆவி எழும்பிச் சாமி படத்துக் கண்ணாடியில் படியும், வெள்ளிக்கிழமை துடைப்பேன். "அத்தை, சாமிய கூடத்துக்கு மாத்திடலாமா? எண்ணெய்ப் பிசுக்கு ஏறுதே" என்று மருமகள் கேட்டாள். "இருக்கட்டும்மா, அவரும் நம்ம கூடத்தானே இருக்காரு" என்றேன்.

வீட்டு வேலைக்கு 'முடிந்த பிறகு' என்று ஒன்று கிடையாது. பொங்கியது மதியத்துக்குள் காலி. துவைத்துக் காயவைத்தது மறுபடியும் கொடிக்கு வருகிறது. கழுவிக் கவிழ்த்த அன்னக்கூடை சாயங்காலம் திரும்பத் தொட்டிக்குள் கிடக்கிறது. சுவர் எழுப்பும் கொத்தனார் ஒரு வருஷம் கழித்து வந்து தன் சுவரைத் தொட்டுப் பார்க்கலாம். நேற்று வைத்த குழம்பை யார் எங்கே போய்ப் பார்ப்பது? குழாயடியில் தண்ணீருக்குக் காத்திருக்கும்போது வயதான பெண்கள், "என்னத்தப் பண்ணினோம் இத்தனை வருஷமா, ஒண்ணும் நிக்கலையே" என்பார்கள். அதை நான் சலிப்பு என்று எடுத்துக்கொள்வதில்லை. ஞானிகள் காட்டுக்குள் போய்க் கேட்டுக்கொண்ட கேள்வியும் இதுதான்: எது நிற்கும், எது போகும்? குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்பதால் அதன் கனம் குறைந்துவிடாது.

இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது எங்களூரிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டரில், மாமல்லபுரத்தில். வெளியூர் உறவுக்காரர்கள் வந்தால் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏற்றி அங்கே கூட்டிப்போவது செங்கல்பட்டுக்காரர்கள் எல்லாருக்கும் வழக்கம். கூட்டம் அர்ச்சுனன் தபசு முன்னால் நிற்கும், வெண்ணெய் உருண்டையைத் தாங்குவதுபோல் போட்டோ எடுக்கும், கடற்கரைக் கோயிலுக்கு ஓடும். தபசுப் பாறையை ஒட்டியே இருக்கிற கிருஷ்ண மண்டபத்துக்குள் நின்று பார்க்கிறவர்கள் குறைவு. முன்னால் இருக்கும் தூண் மண்டபம் விஜயநகரக் காலத்தில் சேர்த்தது. உள்ளே பாறையில் இருக்கும் சிற்பம் 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. அப்போது அது திறந்த வெளியில், வெயிலும் மழையும் படும்படி இருந்தது.

கோவர்த்தன மலையைக் கண்ணன் தூக்கிப் பிடித்திருக்கும் கதைதான் அதில் இருப்பது. இந்திரனுக்குக் கோபம், ஆயர்பாடியை அழிக்க ஏழு நாள் மழை, மலையே குடையாகிறது. இந்தக் கதையை எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த ஏழு நாளும் மலைக்கு அடியில் இருந்த ஜனங்கள் என்ன சாப்பிட்டார்கள், யார் ஆக்கினார்கள், கைக்குழந்தைகளுக்குப் பால் எங்கிருந்து வந்தது என்று மட்டும் ஒருவரும் சொன்னதில்லை.

சிற்பி சொல்லியிருக்கிறான். கண்ணனுக்குச் சற்றுத் தள்ளி ஒருவன் குந்தி உட்கார்ந்து பால் கறக்கிறான். பசு தலையைத் திருப்பித் தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. மாடு வைத்திருந்த வீட்டில் பிறந்தவள் நான். கன்று பக்கத்தில் நின்றால்தான் மடி சுரக்கும் என்பது எனக்குத் தெரியும். சிற்பிக்கும் தெரிந்திருக்கிறது. கறக்கிறவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. தலைக்கு மேல் ஒரு மலை நிற்கிறது, வெளியே உலகமே கரைகிற மழை, அவன் கவனமெல்லாம் மடியில்தான். இன்னொரு பக்கம் ஒரு பெண் பானைகளை எடுத்துக்கொண்டு, தலையில் ஒரு சுமையுடன் வருகிறாள். அதைப் பாய்ச்சுருள் என்பவர்கள் உண்டு, புல்கட்டு என்பவர்களும் உண்டு. கோடரியோடு விறகு வெட்டப் போகிறவன் இருக்கிறான், பிள்ளையைச் சுமந்திருப்பவர்களும் இருக்கிறார்கள். பாறை முழுக்கக் கூப்பிய கைகளாக வெட்டியிருக்கலாம். அரசன் கொடுத்த வேலை, யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த உளி போனதோ வீட்டு வேலையின் பக்கம்.

2015 டிசம்பர் மழையில் இதை நானே அனுபவித்தேன். ரயில் நின்றுபோனது. கரண்ட் இல்லை. சந்தில் தண்ணீர் படியேறி மூன்று வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. எங்கள் வீட்டுத் தரை கொஞ்சம் மேடு. மற்ற மூன்று குடித்தனத்தாரும் எங்கள் வீட்டுக்குள் வந்து சேர்ந்தார்கள். நான்கு வீட்டு அரிசியும் ஒரே உலையில் வெந்தது. பால் பாக்கெட் வரவில்லை. எதிர்வீட்டுப் பெண்ணுக்கு அப்போது கைக்குழந்தை. அவளுடைய மாமனார் முழங்கால் தண்ணீரில் போய், மாடு வைத்திருந்த ஒருவரிடம் தூக்குச்சட்டியில் பால் வாங்கிவந்தார். காய்ச்சிய பாலை முதலில் குழந்தைக்கு ஊற்றினோம். அன்றைக்கு அந்தப் பலகையில் விளக்கேற்ற எண்ணெய் இருந்ததா என்பது எனக்கு நினைவில்லை. பால் பொங்கியது நினைவிருக்கிறது.

வீட்டு வேலை கடவுளிடம் போவதற்கான படிக்கட்டு என்று பெரியவர்கள் சிலர் பெருந்தன்மையாகச் சொல்வார்கள். நான் நம்புவது அதைவிட அதிகம். மலையைத் தூக்குவது எதற்காக? கீழே பால் கறப்பது நின்றுவிடக் கூடாது என்பதற்காக. தெய்வச் செயல் காப்பாற்றுவது இந்த அன்றாடத்தைத்தான். கன்றை நக்குகிற பசுவும் பானை சுமக்கிற பெண்ணும் இல்லையென்றால் அந்த மலைக்கு அடியில் காப்பாற்ற ஒன்றுமே இல்லை. குழாயடிப் பெண்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில். நாம் செய்தது நிற்கவில்லைதான். ஆனால் நிற்க வேண்டியது நின்றது. வீட்டில் உள்ளவர்கள் உயிரோடு, பசியில்லாமல், மறுநாள் காலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அடுப்படி வேலையைத் தவமாகவே பார்த்தவர்கள் வேறு நாட்டிலும் உண்டு. ஜப்பானில் ஸென் பௌத்த மடங்களை நிறுவிய டோகென், இளம் துறவியாக 1223இல் சீனத்துக்குப் போனார். கப்பல் துறையில் நின்றபோது ஒரு மடத்தின் வயதான சமையல்காரத் துறவி காளான் வாங்க வந்தார். இந்த வயதில் தியானத்தில் உட்காராமல் சமையலில் ஏன் அல்லாடுகிறீர்கள் என்று டோகென் கேட்டார். கிழவர் சிரித்து, பயிற்சி என்றால் என்னவென்று உனக்கு இன்னும் விளங்கவில்லை என்றாராம். அந்தப் பேச்சை மறக்காமல் 1237இல் டோகென் மடத்துச் சமையல்காரருக்கென்றே ஒரு நூல் எழுதினார். இங்கே வள்ளலார் 1867இல் வடலூரில் தருமசாலை தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை.

என் அம்மா சோறாக்கும்போது ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஆழாக்கால் அரிசியை அளந்து போட்டுவிட்டு, களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு பானையில் போடுவார். பிடியரிசி. காஞ்சிப் பெரியவர் வீடு வீடாக இதைச் செய்யச் சொன்னார். சேர்ந்த அரிசி கோயிலில் சமைத்து ஏழைகளுக்குப் போனது. எங்கள் சந்தில் இருக்கும் கிறிஸ்தவக் குடும்பத்து அக்காவும் சர்ச்சுக்கென்று இதையே செய்கிறார். மிசோரத்துக் கிறிஸ்தவப் பெண்கள் 1910 முதல் ஒவ்வொரு வேளைச் சமையலிலும் ஒரு பிடி அரிசி எடுத்துவைத்துத் தங்கள் சபையையே வளர்த்திருக்கிறார்கள். நானும் எடுக்கிறேன். கை டிரம்முக்குள் போகும்போது அரிசி சில்லென்று இருக்கும். விரலை மடக்கினால் இடுக்கு வழியாகக் கொஞ்சம் நழுவும்; மீதிதான் பிடி. கை சின்னதாக இருப்பவளுக்குச் சின்னப் பிடி, பெரிய கைக்குப் பெரிய பிடி. அதற்கு மேல் கணக்கில்லை. நான் இதில் முக்கியமாக நினைப்பது, இது எடுக்கப்படும் நேரம். வீட்டார் சாப்பிட்டு மிஞ்சியதை எடுப்பதில்லை. உலை கொதிக்கும் முன்பே, முகம் தெரியாத ஒருவருடைய பசி அளவில் சேர்ந்துவிடுகிறது. கடமை முடிந்த பிறகு கடவுள் என்கிற வரிசை இந்த ஒரு பிடியில் கலைந்துபோகிறது.

குன்றத்தூர்ச் சேக்கிழார் பெரிய புராணத்தில் இளையான்குடி மாறனாரைச் சொல்கிறார். வறுமையில், மழை இரவில், ஓர் அடியவர் வருகிறார். வீட்டில் ஒரு மணி நெல் இல்லை. மாறனார் திகைத்து நிற்க, பகலில் வயலில் விதைத்த நெல்லை வாரிவந்தால் சமைக்கலாம் என்று வழி சொல்பவர் அவர் மனைவி. இருட்டில் தடவிப் போய் மாறனார் முளைநெல்லைக் கூடையில் கொண்டுவருகிறார். விறகில்லை, கூரைக் கழியை அறுத்துக் கொடுக்கிறார். கறிக்குக் கொல்லையில் இருந்த கீரையைப் பறித்து வருகிறார். அந்த ஈர நெல்லை வறுத்து, குத்தி, சோறாக்கி, ஒரே கீரையில் பல வகைக் கறியும் செய்து வைப்பவர் அந்த அம்மா. நாயன்மார் வரிசையில் மாறனார் பெயர் இருக்கிறது. ஆனால் எது எங்கே இருக்கிறது, எதை எதுவாக மாற்றலாம் என்று அறிந்த அறிவு அவள் கையில் இருந்தது. அது பக்திக்கு உதவி செய்த அறிவு என்று மட்டும் சொன்னால் போதாது. அந்த இரவில் பக்தி முழுவதும் அதுவாகத்தான் இருந்தது.

துறவைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. திருக்குறளில் இல்லறவியலுக்கு 20 அதிகாரம், துறவறவியலுக்கு 13. வள்ளுவர் இரண்டையும் வைத்திருக்கிறார். எல்லாவற்றையும் உதறிய பட்டினத்தாரே தாயின் சிதைக்கு முன்னால் நின்று பாடியபோது என்ன பாடினார்? வேதாந்தம் பாடவில்லை. அவள் சுமந்ததையும் சீராட்டியதையும் ஊட்டியதையும் சொல்லிச் சொல்லி அழுதார். துறவி கடைசியில் எண்ணிப் பார்த்த கணக்கு வீட்டுக் கணக்காக இருந்தது.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். புனிதம் புனிதம் என்று சொல்லியே இந்த வேலை முழுவதையும் பெண் தலையில் கட்டியிருக்கிறார்கள். நாற்காலியில் சாய்ந்தபடி 'வீட்டு வேலையும் ஒரு பூஜைதான்' என்கிறவரிடம் எனக்குக் கோபம் வருகிறது. பூஜையென்றால் அவரும் வந்து செய்யட்டும். மாமல்லபுரத்துப் பாறையில் பால் கறப்பவன் ஆண். என் மகனுக்கு அந்தச் சிற்பத்தைக் காட்டித்தான் பாத்திரம் தேய்க்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை தொட்டி இப்போது அவன் பொறுப்பு. "நல்லா தேய்ச்சேனாம்மா?" என்று கேட்பான். அடி பிடித்த சட்டியைத் திருப்பிக் கொடுப்பேன்.

இன்னும் கசப்பானது, கூலிக்கு இந்த வேலையைச் செய்கிற பெண்களின் நிலை. எங்கள் சந்திலிருந்தே ஒரு பெண் அடுக்குமாடி வீடுகளுக்குப் பத்துப் பாத்திரம் தேய்க்கப் போகிறாள். வேறு வீடுகளின் சோற்றுப் பானையை எல்லாம் கழுவி வைத்துவிட்டு வந்துதான் தன் வீட்டு உலையை வைக்கிறாள். காய்ச்சலில் ஒரு நாள் போகாமல் இருந்தால் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். அதே வீட்டில் அன்னதானத்துக்கு நன்கொடைச் சீட்டு கிழிக்கிறார்கள். அன்னம் தெய்வம் என்றால் அன்னப் பானையைக் கழுவுகிற கைக்கு வாரம் ஒரு நாள் லீவு உண்டு, காய்ச்சலுக்கும் சம்பளம் உண்டு. "நீ கேளு, நாங்க கூட வர்றோம்" என்று அவளிடம் சொல்லியிருக்கிறோம். "கேட்டா வேற ஆள வச்சிப்பாங்கக்கா" என்கிறாள். அந்தப் பயம் நியாயமானது. அதனால் அவள் தனியாகக் கேட்க வேண்டாம்; அந்தக் குடியிருப்புக்கு வேலைக்குப் போகிற பெண்கள் எல்லாரும் சேர்ந்து கேட்கட்டும் என்று ஒவ்வொருத்தியிடமும் பேசி வருகிறோம்.