சிக்கனமும் சிறையும்

தீமை தன் சொந்த முகத்தோடு வந்தால் கதவைச் சாத்திக்கொள்ள நமக்குத் தெரியும். குடி வந்தால் தெரியும். சூது வந்தால் தெரியும். ஆனால் ஒரு நற்பண்பின் கையைப் பிடித்துக்கொண்டு ஓர் அடிமைத்தனம் வீட்டுக்குள் நுழையுமானால் அதை நாம் எவ்வாறு அடையாளம் காண்பது? சிக்கனத்தைக் குறித்து இத்தகைய ஐயம் நமக்கு எழுந்தது ஐயம்பேட்டையில்தான்.

தஞ்சைச் சீமையிலும் இப்பெயரில் ஓர் ஊர் உண்டு. நாம் குறிப்பிடுவது காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் உள்ள, பட்டுத் தறிகளின் ஐயம்பேட்டை. நமக்கு நெடுநாள் பழக்கமுள்ள நெசவாளர் ஒருவரின் இல்லத்திற்கு அண்மையில் சென்றிருந்தோம். பெரியவரும் அவர்தம் துணைவியாரும் தறியின் முன் அமர்ந்து பாவு பிணைத்துக்கொண்டிருந்தனர்.

பிணைத்தலைக் காணாதவர்களுக்காக ஒரு சொல். ஒரு பாவு நெய்து முடிந்ததும் நெசவாளர் அதன் கடைசி இழைகளை உருவி எறிந்துவிடுவதில்லை. விழுதிலும் அச்சிலும் அவற்றை அப்படியே விட்டுவைத்து, புதுப் பாவின் இழை ஒவ்வொன்றையும் பழைய இழையின் நுனியோடு சேர்த்து விரலால் முறுக்கிவிடுகிறார். ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்றும் தவறக்கூடாது. பிறகு பழைய பாவை இழுத்தால், புதியது அதன் பின்னே விழுதையும் அச்சையும் கடந்து தானே வந்து சேரும். ஒவ்வோர் இழையையும் புதிதாகக் கோக்கும் பெரும்பாடு மிச்சம். நெசவாளரின் சிக்கனம் இது. வறுமை கற்றுத்தந்த அறிவும் இதுவே.

பெரியவரின் மகன் அமெரிக்காவில் பல்லாண்டுகளாகப் பொறியாளர். மனைவியோடும் மகளோடும் விடுமுறைக்கு வந்திருந்தார். பிணைப்பதைச் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, "நானும் அங்கே ஏறக்குறைய இதைத்தான் செய்கிறேன் ஐயா. பழையதைத் தூக்கி எறியாமல் மறுபடியும் பயன்படுத்துகிறேன்" என்றார். எதை என்று கேட்டோம். "துப்பாக்கித் தோட்டாவை" என்றார்.

நாம் திடுக்கிட்டதைக் கண்டு அவரே விளக்கினார். அவர் எவ்வுயிரையும் சுடுபவர் அல்லர். அதற்கென அமைந்த திடலில் காகித இலக்கைக் குறிபார்த்துச் சுடுவது அவருடைய பொழுதுபோக்கு. ஒரு தோட்டாவில் நான்கு உறுப்புகள் உள்ளன: பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் சிறு மூடி, உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. சுட்டபின் மருந்து எரிந்துபோகிறது, குண்டு பறந்துபோகிறது, அடிமூடி பயனற்றதாகிறது. பித்தளைக் கூடு மட்டும் கையில் மிஞ்சுகிறது. நான்கினுள் பெரும்பாலும் விலை மிகுந்தது அதுவே. வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் விரிந்த அக்கூட்டை அச்சில் இட்டு அழுத்திப் பழைய அளவுக்குக் கொணர்ந்து, புது மூடி பொருத்தி, மருந்தை நிறுத்து இட்டு, குண்டைச் செருகினால் மீண்டும் தோட்டா. ஒரே கூட்டைப் பலமுறை இவ்வாறு பயன்படுத்தலாம். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா செய்வது குற்றம். அமெரிக்காவிலோ சொந்தப் பயனுக்குச் செய்பவரிடம் நடுவண் அரசு உரிமம் கேட்பதில்லை.

இதன் வரலாறும் சிக்கனத்தில்தான் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டில் அந்நாட்டின் மேற்கெல்லையில் குடியேறியவர்களுக்கும் வேட்டையாடியவர்களுக்கும் கடை என்பது நாட்கணக்கில் பயணம் செய்து அடைய வேண்டிய ஒன்று. கூட்டை எறிந்தால் அடுத்த தோட்டா இல்லை. ஆகவே கையடக்கக் கருவி ஒன்றை வைத்துத் தாமே நிரப்பிக்கொண்டனர். 1958இல் ரிச்சர்டு லீ என்பவர், ஒரு சுத்தியல் இருந்தால் போதும், வீட்டு மேசையிலேயே நிரப்பலாம் என்னும்படி எளிய, மலிவான கருவித் தொகுதி ஒன்றை விற்பனைக்குக் கொணர்ந்தார். தேவை பெற்ற பிள்ளையாகவே இத்தொழில் பிறந்தது.

நம் நண்பரும் அவ்வாறே தொடங்கினார். கடைத் தோட்டாவின் விலை என்ன, தாமே நிரப்பினால் என்ன செலவு என்று ஒரு குறிப்பேட்டில் பத்தி பிரித்து எழுதினார். மிச்சம் கண்கூடாகத் தெரிந்தது. பின்னர் ஒரு நல்ல அழுத்துப்பொறி வாங்கினார். மிச்சத்தை வைத்து அதன் விலையை ஈடுகட்டிவிடலாம் என்பது கணக்கு. அடுத்து, மின்னணுத் தராசு. மருந்தை அவர்கள் கிரெயின் என்னும் அளவால் நிறுக்கின்றனர். ஒரு கிரெயின் 65 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு, நம் தட்டார்களின் குன்றிமணி எடையில் ஏறத்தாழப் பாதி. அதிலும் பத்திலொரு பங்கைத் தராசு காட்ட வேண்டும். அடுத்து, குண்டின் வேகத்தை அளக்கும் கருவி. அடுத்து, கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா விழும் விரைவுப்பொறி. கூடுகளை எடைவாரியாகப் பிரித்து அடுக்க அலமாரிகள். 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் அடிமூடிகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கிடைத்ததையெல்லாம் வாங்கிக் குவித்தார். வண்டி நிறுத்தும் அறையில் இப்போது வண்டி இல்லை.

"ஆக, எவ்வளவு மிச்சம் தம்பி?" என்று கேட்டோம். அவர் சிரித்தார். அவருடைய துணைவியார் விடை கூறினார்: "அந்தக் கணக்கு நோட்டை இவர் மூடி நாலு வருஷம் ஆகிறது ஐயா."

இங்குதான் நம் கேள்வி பிறக்கிறது. நண்பர் குறிபார்த்துச் சுடுவதற்காக நிரப்பத் தொடங்கினார். நிரப்பியவை பெருகியதால் முன்னிலும் மிகுதியாகச் சுட்டார். நாளடைவில் காலிக் கூடு வேண்டுமே என்பதற்காகச் சுடலானார். வழி இலக்காயிற்று, இலக்கு வழியாயிற்று. எந்த ஒரு நாளிலும் இம்மாற்றம் நிகழவில்லை. ஒவ்வோர் அடியும் நியாயமானதாகவே தோன்றியது. ஒவ்வோர் அடிக்கும் சிக்கனமே சான்றொப்பம் இட்டது.

இதில் என்ன தீங்கு என்று சிலர் வினவலாம். குடியா, சூதா? மாலைதோறும் வீட்டிலேயே இருக்கிறார். கைத்திறனும் பொறுமையும் கூர்ந்த கவனமும் வளர்கின்றன. இவ்வினாவை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. 5ஆம் நூற்றாண்டுத் துறவி யோவான் காசியான் தம் 'உரையாடல்கள்' நூலின் 24ஆம் பகுதியில் ஒரு கதை கூறுகிறார். திருத்தூதர் யோவான் ஒரு கௌதாரியை மெல்ல வருடிக் கொண்டிருந்தாராம். அவ்வழியே வந்த வேடன் ஒருவன், இத்துணைப் பெரியவர் இத்துணைச் சிறு மகிழ்ச்சியில் பொழுது போக்குவதா என்று வியந்தான். உன் கையிலுள்ள வில்லை ஏன் எப்போதும் வளைத்தே வைத்திருக்கவில்லை என்று திருத்தூதர் கேட்டார். வளைத்தே வைத்தால் அதன் வலு கெட்டுவிடும் என்றான் அவன். மனமும் அத்தகையதே என்று அவர் உணர்த்தினார். விளையாட்டும் ஓர் அறம் என்று நிறுவப் புகுந்த புனித தாமஸ் அக்குவினாசும் இக்கதையை எடுத்தாள்கிறார். ஆகவே பொழுதுபோக்கு பாவம் என்பது நம் மரபன்று.

ஆனால் அதே கதை நமக்கு ஓர் உரைகல்லையும் தருகிறது. பொழுதுபோக்கின் பணி வில்லின் நாணைத் தளர்த்துவது. நாணை மேலும் இறுக்குகிற ஒன்றை, எப்பெயரிட்டு அழைத்தாலும், பொழுதுபோக்கு எனலாகாது.

நண்பரின் மகளுக்குப் பத்து வயதிருக்கும். பேச்சினிடையே அச்சிறுமி, "அப்பா உள்ளே இருந்தால் நாங்கள் கதவைத் தட்டக்கூடாது" என்றாள். அவ்விதி தவறானதன்று என்பதை நாம் சொல்லியாக வேண்டும். மருந்து நிறுக்கும்போது கவனம் சிதறி ஒரு கூட்டில் இருமுறை இட்டுவிட்டால் துப்பாக்கியே வெடித்துச் சிதறக்கூடும். ஆகவே பேச்சு கூடாது, குறுக்கீடு கூடாது என்பது அக்கலையின் முதற்பாடம். ஒரு மணிநேரத்திற்கு அது பாதுகாப்பு. ஒவ்வொரு மாலையும் அதுவே தொடரும்போது, அதே விதி ஒரு குழந்தைக்கும் தந்தைக்கும் நடுவே சுவராகிவிடுகிறது. பணம் மிச்சமாயிற்றா என்று தேடும் நாம், எது செலவாயிற்று என்று பார்க்கத் தவறிவிடுகிறோம். அச்செலவு அந்தக் குறிப்பேட்டின் எந்தப் பத்தியிலும் ஏறவில்லை.

மகனைக் குறித்துப் பெரியவர் கடிந்து ஏதும் கூறுவார் என எதிர்பார்த்தோம். அவரோ எழுந்து சென்று பரண்மேல் இருந்த பழைய பிஸ்கட் டப்பா ஒன்றை இறக்கிக் கொணர்ந்தார். உள்ளே சரிகைத் துணுக்குகள். வெள்ளிக்காக வாங்கிக்கொள்வோரிடம் விற்கலாம் என நாற்பது ஆண்டுகளாக ஒவ்வொரு சேலையிலிருந்தும் சேர்த்தவை. "வீட்டில் கஷ்டம் வந்தபோதுகூட இதை விற்க மனசு வரவில்லை. இவள் கம்மல்தான் அடகுக்குப் போனது" என்றார் மெதுவாக. துணைவியார் தலை நிமிராமல் இழை முறுக்கிக்கொண்டிருந்தார்.

சிக்கனம் ஏன் பற்றாக மாறுகிறது என்பதற்கான விடை அந்த டப்பாவில் இருந்ததாகவே நமக்குப் பட்டது. சிக்கனம் எப்போதும் வேறொன்றைச் சுட்டி நிற்பது. பிணைப்பது நெய்வதற்காக. புதுப் பாவு அச்சைக் கடந்ததும் பிணைப்பு முடிந்துவிடுகிறது, விரல் ஓய்கிறது. 'போதும்' என்னும் சொல் அதற்குள்ளேயே இருக்கிறது. பற்றுக்கு அச்சொல் தெரியாது. அது சேர்த்ததைக் கொண்டே மேலும் சேர்க்கக் காரணம் கண்டுபிடிக்கும்.

ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்த நிகழ்ச்சியை யோவான் நற்செய்தி விவரிக்கிறது. எஞ்சிய துண்டுகளை வீணாக்காமல் சேர்க்குமாறு ஆண்டவர் பணித்தார். பன்னிரு கூடைகள் நிரம்பின. சிக்கனத்திற்கு இதனினும் உயர்ந்த சான்று நமக்கு வேண்டுமோ? எனினும் வரிசையைக் கவனிப்போம். முதலில் அனைவரும் வயிறார உண்டனர். அதன் பின்னரே துண்டுகள் சேர்க்கப்பட்டன. கூடைகளை நிரப்புவதற்காக எவரையும் பசியோடு அனுப்பவில்லை.

துப்பாக்கி நம் வீடுகளில் இல்லை. ஆயினும் தள்ளுபடி என்பதற்காக வாங்கி உடுத்தாமல் அடுக்கிய சேலைகள் உண்டு. பிள்ளைகள் வந்தால் எடுக்கலாம் என்று பொதிந்து வைத்து, அவர்கள் வந்த நாளிலும் எடுக்காத பாத்திரங்கள் உண்டு. பழுது பார்க்கிறேன் என்று மேசை முழுதும் பிரித்துப் போட்ட கருவிகள் உண்டு. இவற்றைத் தூக்கி எறியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. மூடிவைத்த கணக்கை ஒருமுறை திறந்து பார்ப்போம். எதற்காகத் தொடங்கினோம்? அது இன்னும் அதற்காகத்தான் நடக்கிறதா? இதன் பொருட்டு நம் வீட்டில் யார் காத்திருக்கிறார்கள்?

நாம் விடைபெறும் வேளையில், நண்பர் தாயாரை எழுப்பி ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு அவர் இடத்தில் அமர்ந்து இழை முறுக்கத் தொடங்கியிருந்தார். மகள் அருகே அமர்ந்து ஓயாமல் ஏதேதோ கேட்டுக்கொண்டிருந்தாள். தாத்தாவும் தந்தையும் விரல் நிற்காமலேயே மாறி மாறி விடை சொன்னார்கள். அயல்நாடு திரும்பியபின் அந்த அறையின் கதவு திறந்ததா என்பது நமக்குத் தெரியாது. நம் வீட்டில் சாத்திக் கிடக்கும் கதவு எது என்பது நமக்குத் தெரியும்.