விளைவு யாருடையது?

வேனில் கழிந்து ஆடிக்காற்று எழும் இந்நாளில், மாசித் திங்களில் யாம் மனைக்கொல்லையில் ஊன்றிய செடிகொடிகள் தம் இறுதிக் காய்களை ஈன்று ஓய்கின்றன. வெண்டை, கத்தரி, கொத்தவரை, புடல் ஆகியவற்றைக் காலையிற் பறித்து அன்றே சமைத்துண்ணும் இன்பம் சிறிதன்று. கடையிற் கொண்ட காயில் அவ்வின்பம் இல்லை. என்னை? 'இஃது எமது உழைப்பின் பயன்' என்னும் எண்ணமும் அவ்வுணவோடு கலந்திருத்தலின் என்க. அவ்வெண்ணம் மெய்யோ என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

காரியத்திற்கு முதல், துணை, நிமித்தம் என மூன்று காரணங்கள் வேண்டும் என்பது சித்தாந்த நூல்களின் துணிபு. குடத்திற்கு மண் முதல், தண்டசக்கரம் துணை, குயவன் நிமித்தம். காய்க்கு முதலாகிய விதையை யாம் படைத்திலேம். துணையாகிய மண்ணும் வெயிலும் எம்மால் ஆயினவல்ல. பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு; வைகறையில் மலர்ந்து முற்பகலிலே குவியும் அச்சிறு பொழுதினுள் தேனீ மகரந்தம் கொணராவிடின் பிஞ்சு வெம்பி உதிரும். அவரையினத்துச் செடிகளின் வேர்முடிச்சுக்களில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை அவற்றிற்கு உணவாக்கித் தருதலை ஹெல்ரீகல், வில்பார்த் என்னும் ஜெர்மானிய அறிஞர் இருவர் 1888-ல் விளக்கினர்.

அற்றேல், பாத்தி கட்டி நீரிறைத்த யாம் நிமித்தம் ஆகேமோ எனின், ஆகேம். குயவனின்றிக் குடம் ஆகாது. குப்பைமேட்டில் வீழ்ந்த பூசணி விதையோ எம்மையின்றியும் காய்க்கும். ஆதலின் யாம் பல துணைகளுள் ஒரு துணையே.

இவ்வாறு அறிந்தும் யாம் அறிந்தவாறு ஒழுகினேமல்லேம். சென்ற ஆனியில் எமது பூசணிக்கொடி வேலி கடந்து அயல்மனையிற் படர்ந்து ஒரு காய் காய்த்தது. 'கொடி எமது, ஆதலிற் காயும் எமது' என்று கருதி, அதனைக் கேட்டுப் பெறச் சென்றேம். ஆண்டு, காய் ஈரத்தால் அழுகாவண்ணம் அதன் அடியில் வைக்கோல் பரப்பப்பட்டிருந்தது. கொடி வேர்விட்ட கணுக்களுக்கு நீரும் வார்க்கப்பட்டிருந்தது. அம்மனையில் வாழும் மூதாட்டியார், "உங்கள் காய் நன்றாய் முற்றட்டும் என்றே காத்திருந்தேன்" என்றார். யாம் நாணினேம். உரிமை பேசச் சென்ற எம்மினும், உரிமை பேசாத அவரே அதனை ஓம்பியிருந்தார்.

நுகர்ச்சி குற்றமன்று, பட்ட கடனை மறந்து நுகர்தலே குற்றம். 'எமது' என்னும் எண்ணத்தாற் சுவை மிகுந்தது என்று முன்னர்க் கருதினேம். அவ்வெண்ணம் நீங்கிய பின் உண்டபோதும் அச்சுவை குறைந்திலது.

காயை இரண்டாக அரிந்து இருமனையினரும் பகுத்துக் கொண்டேம். விதைகளையும் அவ்வாறே பகுத்து, உலர்த்திச் சாம்பலிற் புரட்டி, ஆடிப்பட்டத்திற்கு வைத்துள்ளேம். அடுத்த கொடி வேலியின் எப்புறம் படரினும் படர்க.