இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் மத்ரஸாவைத் துறந்தார்களா?

 

"ஷைகிடம் பைஅத் வாங்கிவிட்டேன், இனி எனக்குக் கிதாபு எதற்கு? இமாம் கஸ்ஸாலியே மத்ரஸாவை விட்டுவிட்டுத்தானே ஞானம் பெற்றார்கள்?" என்று கேட்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். "ஏழு வருடம் ஓதி ஸனது வாங்கியாகிவிட்டது, திக்ரு மஜ்லிஸில் உட்கார்ந்து என்ன ஆகப்போகிறது?" என்னும் இளம் ஆலிம்களும் இருக்கிறார்கள். இரு சாராருமே அந்த மகானின் வரலாற்றைப் பாதியில் மூடிவைத்தவர்கள்.

ஹிஜ்ரி 450-ல் (கி.பி. 1058) தூஸில் பிறந்த இமாமவர்கள், நைஸாபூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனி (ரஹ்) அவர்களிடம் ஓதினார்கள். 484-ல் பக்தாதின் நிழாமிய்யா மத்ரஸாவில் உஸ்தாதாக அமர்ந்தபோது வயது 35-ஐ எட்டவில்லை. அங்கே 300 மாணவர்கள் அவர்களிடம் பாடம் கேட்டார்கள். அரசவையிலும் அவர்கள் சொல்லுக்கு மதிப்பிருந்தது. அந்த உச்சத்தில் இருந்துகொண்டு தம் நிய்யத்தை எடைபோட்டுப் பார்த்தார்கள். நான் ஓதிக்கொடுப்பது அல்லாஹ்வுக்காகவா, பெயருக்காகவா? கிடைத்த விடை அவர்களைக் குலுக்கிவிட்டது. போகவும் மனமில்லை, இருக்கவும் முடியவில்லை. ஏறத்தாழ ஆறு மாதம் இப்படியே கழிந்தது. பாடம் சொல்ல நா எழவில்லை, உணவு இறங்கவில்லை. இது கல்பிலிருந்து உடலுக்கு இறங்கிய நோய் என்று வைத்தியர்கள் கைவிட்டார்கள். முடிவில் 488-ல் (1095), பிள்ளைகளின் ஜீவனத்துக்குத் தேவையானதை மட்டும் நிறுத்திக்கொண்டு, மீதிச் செல்வத்தைப் பகிர்ந்தளித்துவிட்டுப் பக்தாதைவிட்டு வெளியேறினார்கள். (பிள்ளைகளைப் பட்டினி போட்டுவிட்டுத் துறவு பேசுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.) திமிஷ்கில் உமவிய்யாப் பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவைத் தாழிட்டுக்கொண்டு பகலெல்லாம் தனித்திருந்தார்கள். பிறகு பைத்துல் முகத்தஸ். அதன் பிறகு ஹஜ்ஜு.

கதை சொல்பவர்கள் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தத் தனிமைக் காலத்தில் உருவான 'இஹ்யா உலூமித்தீன்' என்ற கிதாபைத் திறந்து பார்ப்பதில்லை. அதில் 40 பாகங்கள் உள்ளன. கிதாபு துறந்தவர் எழுதியதென்றால் முதல் பாகம் எதைப் பற்றியதாக இருக்க வேண்டும்? கஷ்பைப் பற்றி, கராமத்தைப் பற்றி! ஆனால் முதல் பாகம் இல்மைப் பற்றியது. இரண்டாவது அகீதா, மூன்றாவது சுத்தம், நான்காவது தொழுகை. பிறகு ஸகாத்து, நோன்பு, ஹஜ்ஜு என்று போகிறது. அடுத்த பத்தில் உண்பதன் ஒழுங்கு, நிகாஹ், சம்பாத்தியம், ஹலால் ஹராம் எல்லாம் வருகின்றன. கல்பின் அற்புதங்களை விளக்கும் பாகம் 21-வது! ரியா, பெருமை, பொறாமை ஆகியவற்றின் வைத்தியம் அதற்கும் பின்னால்தான். அஸ்திவாரம் போடாமல் மாடி கட்ட அவர்கள் யாருக்கும் அனுமதி தரவில்லை.

30-வது பாகத்தை நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பதுண்டு. தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்வோரைப் பற்றியது அது. ஆலிம்கள், வணக்கசாலிகள், சூஃபிகள், செல்வந்தர்கள் என நான்கு கூட்டத்தாரையும் அங்கே நிறுத்தி விசாரிக்கிறார்கள். முதலில் நிற்பவர்கள் ஆலிம்களாகிய நாங்கள்தாம். சூஃபிகளின் உடையையும் பேச்சையும் மட்டும் எடுத்துக்கொண்டு, நஃப்ஸோடு போராடாதவர்கள் அடுத்து அகப்படுகிறார்கள். பள்ளிவாசல் கட்டி அதில் தம் பெயரைப் பொறிக்கும் செல்வந்தர்களும் தப்பவில்லை. நம் ஊர்களில் இதற்கு விளக்கம் தேவையில்லை!

ஒரு ஸுஜூதை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தெந்த உறுப்புகள் தரையில் படவேண்டும், உளூ எதனால் முறியும் என்பதை பிக்ஹு சொல்லித்தருகிறது. அந்த நேரத்தில் கடைக் கணக்கில் இருக்கும் கல்பை யார் இழுத்து வருவது? அல்லாஹ்வைக் காண்பதுபோல் வணங்குவதே இஹ்ஸான் என்று, ஜிப்ரீல் (அலை) கேட்டபோது நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்களே, அந்த இஹ்ஸானுக்கான பயிற்சிதான் தஸவ்வுஃப். ஆயினும் உளூவே கூடாதவருக்குத் தொழுகை ஏது? தொழுகை கூடாதவருக்கு இஹ்ஸான் எங்கிருந்து வரும்?

நம் பெரியவர்கள் இதை அறிந்திருந்தார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816–1898) அரூஸிய்யாத் தரீக்காவின் ஷைகு. இன்றும் ஓதப்படும் ராத்திபுல் ஜலாலிய்யா அவர்கள் தந்தது. அதே மகான்தாம் அரபு அறியாதவர்களும் படித்துணரும்படி 'ஃபத்ஹுத் தய்யான்' என்ற பிக்ஹு கிதாபை அரபுத்தமிழில் எழுதிவைத்தார்கள். ராத்திபு ஓதும் எத்தனை வீடுகளில் அந்தக் கிதாபு, அல்லது அதுபோன்ற ஒரு பிக்ஹு நூல் திறக்கப்படுகிறது? ராத்திபு முடிந்ததும் கால்மணி நேரம் இருந்து, குளிப்பு, ஹைளு, தொழுகை பற்றிய ஒரு மஸ்அலாவை வாசித்துப் பேசிக்கொள்ளுங்கள். பிள்ளைகளும் கேட்கட்டும்.

இமாமவர்களின் மீதி வரலாற்றையும் சொல்லிவிடுகிறேன். பதினோரு ஆண்டுகளுக்குப் பின், 499-ல் (1106) நைஸாபூரின் நிழாமிய்யாவுக்கு ஓதிக்கொடுக்கத் திரும்பினார்கள். முன்பு பதவியைத் தேடித்தரும் கல்வியைக் கற்பித்தேன், இப்போது பதவியை விடச்செய்யும் கல்விக்கு அழைக்கிறேன் என்ற கருத்தில் தம் நிலையைத் தாமே எழுதியிருக்கிறார்கள். பின்பு தூஸுக்கே வந்து, வீட்டருகில் மாணவர்களுக்கு ஒரு மத்ரஸாவும் சூஃபிகளுக்கு ஒரு கான்காவும் அமைத்தார்கள். 505-ல் (1111) வஃபாத்தாகும் முன் அவர்கள் ஈடுபட்டிருந்தது புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீது கிதாபுகளை ஓதுவதில்.