வானிலிருந்து விழும் வாக்கு

கூட்டேரிப்பட்டு சந்திப்பில், மயிலத்துக்குப் பிரியும் சாலையோரம், பேருந்துக்கு நிற்பவர் கையில் யாராவது ஒரு பிட் நோட்டீஸைத் திணித்துவிட்டுப் போவது அன்றாட நிகழ்ச்சி. ஜவுளிக்கடைத் தள்ளுபடியோ பொதுக்கூட்ட அழைப்போ, எதுவானாலும் தாளின் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும். தேர்தல் நோட்டீஸுக்கு இது சட்டக் கட்டாயம். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவின்படி, அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் இல்லாமல் தேர்தல் துண்டறிக்கை வெளியிட்டால் 6 மாதம் வரை சிறையோ 2,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. இந்தச் சொல்லுக்குப் பொறுப்பாளி ஒருவர் இருக்கிறார், அவரைத் தேடிப் போய்க் கேட்கலாம் என்பதே அந்தப் பொடி எழுத்தின் பொருள். போர்க்காலத்தில் விமானம் வீசிச் செல்லும் துண்டுப் பிரசுரத்தையும் இந்தப் பொறுப்பு என்ற ஒன்றை வைத்தே அளந்து பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் அதன் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். விமானம் பிறப்பதற்கு முன்பே, 1806இல், பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி தாமஸ் காக்ரேன் பட்டங்களில் தாள்களைக் கட்டிப் பறக்கவிட்டுப் பிரெஞ்சுக் கரையில் உதிரச் செய்தார். முதல் உலகப் போரில் விமானிகள் அந்த வேலையை ஏற்றனர். 1917இல் தாள் வீசிப் பிடிபட்ட இரு பிரிட்டிஷ் விமானிகளுக்கு ஜெர்மானிய இராணுவ நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை விதித்தது. குண்டு வீசியவர் போர்க்கைதி, தாள் வீசியவர் குற்றவாளி என்பதே அன்றைய ஜெர்மனியின் நிலை. 1923இல் ஹேக் நகரில் வகுக்கப்பட்ட வான்போர் விதிகளின் வரைவு இதற்கு மறுமொழி தந்தது: பிரசாரத் தாள் வீசுவது முறையற்ற போர்ச்செயல் அன்று, அதற்காக விமானியின் போர்க்கைதி உரிமையைப் பறிக்கலாகாது. அவ்விதிகள் ஒப்பந்தமாக நிறைவேறவே இல்லை. ஆயினும் 1939 செப்டம்பரில் போர் அறிவித்த முதல் இரவிலேயே பிரிட்டிஷ் விமானங்கள் ஜெர்மனியின் மீது பல இலட்சம் தாள்களைக் கொட்டின.

அடுத்தது, அந்தத் தாள் தரைக்கு வரும் விதம். பின்னாளில் அமெரிக்கப் படை பெரிதும் கையாண்ட அளவு 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம். இந்த அளவில் வெட்டிய மெல்லிய தாள் தன்னைத்தானே சுழற்றிக்கொண்டு இறங்கும். அதனால் ஒரே இடத்தில் கட்டாக விழாமல் பரந்து சிதறும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர் உருவாக்கிய ‘மன்றோ’ தாள்குண்டு ஒன்றில் ஏறத்தாழ 80,000 தாள்கள் அடங்கின. எவ்வளவு கணக்கிட்டாலும், எந்த முற்றத்தில் எந்தத் தாள் விழும் என்பதைத் தீர்மானிப்பது காற்று. எழுத்தறியாதவரிடம் போகலாம், யாருமற்ற வயலில் கிடக்கலாம். பெற்றுக்கொண்டேன் என்று கையொப்பம் வாங்க முடியாத கடிதம் அது. ‘நாங்கள் அறிவித்துவிட்டோம்’ என்று ஒரு படை சொல்லும்போது இந்த இடைவெளியை மறக்கக் கூடாது.

இன்னும் ஆழத்தில் இருப்பது, அது யாரிடம் பேசுகிறது என்பது. எதிர்ப்படை வீரனிடம் பேசும் தாள் ஒரு வகை. 1971 டிசம்பரில், கிழக்கு வங்காளத்தில் இருந்த பாகிஸ்தான் படையினருக்கு இந்தியத் தரைப்படைத் தளபதி சாம் மானெக்‌ஷா விடுத்த செய்தி, வானொலியிலும் வான்வழித் தாள்களிலும் போய்ச் சேர்ந்தது. சரணடைந்தால் ஜெனீவா ஒப்பந்தப்படி மதிப்புடன் நடத்துவோம் என்பது அதன் சாரம். வாக்களித்தவர் முகமும் பதவியும் தெரிந்தவர். கேட்டவன் செய்ய வேண்டிய காரியமும் ஒன்றே ஒன்றுதான்: ஆயுதத்தைக் கீழே வைப்பது. டிசம்பர் 16இல் டாக்காவில் சரணாகதி நடந்தது. ஏறத்தாழ 93,000 பேர் இந்தியாவின் பிடிக்கு வந்தனர். 1974க்குள் நாடு திரும்பினர். பின்னாளில் குன்னூரில் குடியேறி, 2008இல் வெலிங்டனில் மறைந்த அந்தத் தளபதியின் பெயரைச் சுமந்த தாள், சொன்னபடி நடந்துகொண்டது.

குடிமக்களிடம் பேசும் தாள் வேறு வகை. ‘இங்கே தாக்கப்போகிறோம், அங்கே போங்கள்’ என்பது அதன் வடிவம். இந்த வாக்கியத்துக்குள் இரண்டு பகுதிகள் இருப்பதை நிதானித்துக் காண வேண்டும். முற்பகுதி எச்சரிக்கை; பிற்பகுதி வாக்குறுதி. ஓர் இடத்தைச் சுட்டி அங்கே போ என்று சொன்ன கணமே, அந்த இடத்தின் பாதுகாப்பைச் சொன்னவர் ஏற்றுக்கொள்கிறார். தாக்குதலுக்கு முன் குடிமக்களுக்குப் பயன்தரத்தக்க எச்சரிக்கை தர வேண்டும் என்கிறது ஜெனீவா ஒப்பந்தங்களுக்கான 1977ஆம் ஆண்டு முதலாம் கூடுதல் நெறிமுறையின் 57ஆம் பிரிவு. இந்தியாவும் இலங்கையும் அந்த நெறிமுறையில் சேரவில்லை என்றாலும், இது எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் வழக்காற்று விதி என்பது சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவின் நிலைப்பாடு. எச்சரிக்கை கொடுத்த பின்பும் வெளியேறாமல் இருப்பவர் குடிமகனாகவே இருக்கிறார். முதிய தாயைத் தூக்க முடியாமல் வீட்டிலேயே தங்கியவரைத் தாள் ஒன்று படைவீரனாக மாற்றிவிடாது.

இந்த அளவுகோலோடு ஈழத்துக்கு வருவோம். 1987 மே 26இல் யாழ்ப்பாணத்தின் வடமராட்சியில் இலங்கைப் படையின் ‘ஒப்பரேஷன் லிபரேஷன்’ தாக்குதல் தொடங்கியது. மக்கள் கோவில்களிலும் பள்ளிகளிலும் கூடும்படி துண்டுப் பிரசுரங்களும் அறிவிப்புகளும் வந்தன. அப்படி மக்கள் தஞ்சம் புகுந்த அல்வாய் முத்துமாரியம்மன் கோவில் ஷெல் வீச்சுக்கு உள்ளாகி உயிர்கள் போயின. எட்டாண்டு கழித்து, 1995 ஜூலை 9இல், அதே படையின் ‘முன்னேறிப் பாய்தல்’ நடவடிக்கையின் முதல் நாளில், நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்தின் மீது விமானம் குண்டு வீசியது. வழிபாட்டிடங்களுக்குப் போகச் சொல்லி அறிவித்திருந்தார்கள். அதை நம்பி அங்கே நெருக்கியடித்து அமர்ந்திருந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஊர் பெயர்ந்து நடந்து களைத்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தவர்களும் அவர்களுள் அடக்கம்.

போகச் சொன்ன இடத்தையே தாக்கும் இந்த முறை 2009இல் முழு வடிவம் பெற்றது. ஜனவரி 20இல் வன்னியில் 35.5 சதுர கிலோமீட்டர் பரப்பைப் ‘பாதுகாப்பு வலயம்’ என்று இலங்கை அரசு ஒருதலைப்பட்சமாக அறிவித்தது. அங்கே போகும்படி தாள்கள் வீசப்பட்டன. சில நாள்களிலேயே, ஐ.நா. பணியாளர்கள் தங்கள் இருப்பிடத்தைப் படைக்குத் தெரிவித்திருந்த சுதந்திரபுரம் ஷெல்லடிக்குள் வந்தது. பிப்ரவரி 12இல் கடலோரத்தில் இரண்டாம் வலயம். மே 8இல் அதனினும் குறுகிய மூன்றாம் வலயம். மக்களைத் திரளச் சொன்ன மூன்று வலயங்களையும் அரசுப் படை பெருமளவில் ஷெல்லடித்தது என்ற குற்றச்சாட்டு நம்பத்தக்கது என்பது ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் கண்ட முடிவு. வெளியேற முயன்ற மக்களை விடுதலைப் புலிகள் தடுத்ததையும் சுட்டதையும் அதே குழு பதிவு செய்தது. இதை மறைத்து எழுதுவது இறந்தவர்களுக்குச் செய்யும் துரோகம். ‘வா’ என்று மேலிருந்து ஒரு தாள். ‘போகாதே’ என்று பக்கத்தில் ஒரு துப்பாக்கி. நிறைவேற்ற முடியாத கட்டளையைப் போட்டுவிட்டு, நிறைவேற்றவில்லை என்று மக்கள்மேல் பழி சொல்ல எந்தப் படைக்கும் உரிமையில்லை.

இடையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். வடமராட்சித் தாக்குதல் தொடங்கி பத்து நாள் முடியுமுன், 1987 ஜூன் 4இல், அதே யாழ்ப்பாண வானில் இந்திய விமானங்கள் வந்தன. இராமேசுவரத்திலிருந்து போன நிவாரணப் படகுகள் முந்தைய நாள் திருப்பி அனுப்பப்பட்டிருந்தன. ஐந்து ஏ.என்.-32 விமானங்கள், மிராஜ் 2000 போர்விமானங்களின் காவலோடு, ‘பூமாலை’ என்ற பெயரில் சுமார் 25 டன் பொருள்களைப் போட்டன. பசித்தவருக்கு அது உணவு. கொழும்புக்கு அது எழுத்தில்லாத அறிவிக்கை. தாள் இல்லாமலும் வானிலிருந்து பேசலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் பக்கத்தில் இல்லை.

ஆக, குடிமக்களை ஓர் இடத்துக்குப் போகச் சொல்லும் தாளில் பொய் இருக்கிறதா என்று வரிகளில் தேடுவது போதாது. அதன் மெய்மை அடுத்த நாள் அந்த இடத்தில் நடந்ததில் இருக்கிறது. காட்டிய இடத்தையே தாக்கினால் எச்சரிக்கைத் தாள் எச்சரிக்கை அல்ல, பொறி. யார் வீசினாலும் இந்தத் தீர்ப்பு மாறாது.

அதனால்தான் அந்தத் தாள்கள் சான்றுகளாகின்றன. எங்கே போகச் சொன்னார்கள், எந்தத் தேதியில் சொன்னார்கள் என்பதை அவை தாங்கியிருக்கின்றன. கூட்டேரிப்பட்டுக்குக் கிழக்கே, கடற்கரைச் சாலையில் கீழ்புத்துப்பட்டு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. அங்கோ வேறெங்கோ, பழைய பெட்டியின் அடியில் அப்படி ஒரு தாளை வைத்திருப்பவர் இருந்தால், அதை ஒட்டவோ பிளாஸ்டிக் உறையில் சூடேற்றி மூடவோ வேண்டாம். இரு பக்கங்களையும் படமெடுங்கள். எந்த ஊரில், எந்த நாளில் கிடைத்தது என்பதைத் தனித்தாளில் எழுதி உடன் வையுங்கள். ஈழத்து ஆவணங்களைச் சேகரிக்கும் ‘நூலகம்’ இணைய நூலகத்துக்கு ஒரு படியை அனுப்புங்கள்.