சிங்கமலைச் சுரங்கத்துக்குப் பிறகு

"எல்லாரும் ஒப்பாரி வச்சிக்கிட்டு வந்தோம் சாமி. ஒங்க அம்மாயி மட்டும் சிரிச்சா. சிங்கமலைச் சுரங்கத்துக்குள்ள ஒரே இருட்டு. வெளிய வந்ததும் பாக்குறேன், பல்லு தெரியச் சிரிக்கிறா."

அம்மாயியின் கருமாதிக்கு வந்திருந்த ஒரு மூதாட்டி இதைச் சொன்னார். இலங்கையில் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், ஒரே லயத்தில், அடுத்தடுத்த காம்பராவில் இருந்தவர்கள் இருவரும். ஒரே கோச்சியில், அதாவது ரயிலில், ஏறி, தலைமன்னாரில் ஒரே கப்பல் பிடித்து இராமேஸ்வரம் வந்து, நீலகிரியில் ஆளுக்கொரு தோட்டமாகப் பிரிந்தவர்கள். சொல்லிவிட்டு அவர் பந்திக்கு எழுந்து போய்விட்டார். அந்தச் சிரிப்பு என்னை விடவில்லை.

எங்கள் வீட்டில் அந்தப் பயணத்துக்கு வேறு கதை உண்டு. அம்மாயியின் அக்கா குடும்பம் இலங்கைக் குடியுரிமைக்கு மனுப் போட்டது. தாத்தா இந்தியாவுக்குப் போட்டார். ஸ்டேஷனில் அக்காளும் தங்கையும் கட்டிக்கொண்டு விட மறுத்தார்கள், பிரித்துத்தான் ஏற்ற வேண்டியிருந்தது, தலைமன்னார் வரைக்கும் அம்மாயி அழுதுகொண்டே வந்தாள் என்று அம்மா சொல்வாள். அம்மா அப்போது மடியில் கிடந்த குழந்தை. அவளும் யாரோ சொல்லிக் கேட்டதுதான். அம்மாயி அதைப் பற்றி மூன்று வாக்கியத்துக்கு மேல் பேசியதில்லை. "கோச்சி ஏறுனோம். கப்பல் ஏறுனோம். மண்டபம் கேம்புல கெடந்தோம்."

அந்த மண்டபம் முகாமே முன்பு இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிற கூலியாட்களுக்கு நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவதற்காக வைத்திருந்த இடம். அம்மாயியின் முன்னோர்கூட அந்த வழியாகப் போயிருக்கலாம்.

அழுதாள் என்ற கதையை நான் என்றும் சந்தேகப்பட்டதில்லை. வரலாறு அதற்குத் துணை நின்றது. 1948-இல் ஒரு சட்டம் இலங்கைத் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தம் ஏறத்தாழ 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974-இல் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். நெல் மூட்டையைப் பிரிக்கிற மாதிரி. இதையெல்லாம் படித்த பிறகு, அம்மாயி என்றாலே எனக்கு ஜன்னலோரம் அழுகிற ஒரு பெண்தான்.

கல்லூரியில் படிக்கும்போது புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யை வாசித்தேன். இன்று பாதி மறந்துவிட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற மருதி மட்டும் நினைவில் இருக்கிறாள். வாசித்த இரவில் மருதிக்கு அம்மாயியின் முகத்தைத்தான் வைத்திருந்தேன். இப்போது, மருதி எங்காவது சிரிக்கிறாளா என்று யோசித்துப் பார்க்கிறேன். நினைவுக்கு வரவில்லை. புத்தகம் அலமாரியில் இருக்கிறது, எடுத்துப் பார்க்க மனம் வரவில்லை. மருதி சிரித்தாலும் சிரிக்காவிட்டாலும் அம்மாயியைப் பற்றி அது என்ன சொல்லிவிடும்?

பல்லுத் தெரிய என்றாரே, அதுதான் என்னைக் குடைகிறது. அம்மாயி பல்லுத் தெரியச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சிரிப்பு வந்தால் முந்தானை வாய்க்குப் போய்விடும். தோள் மட்டும் குலுங்கும். சாயங்காலம் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்து, உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வைத்து நக்கிக்கொண்டே சாயத்தண்ணி குடிப்பாள். எனக்கும் கொஞ்சம் சீனி கிடைக்கும். கணக்கப்பிள்ளை நடக்கிற மாதிரி நான் நடந்து காட்டுவேன். அப்போதும் முந்தானைக்குள்தான் சிரிப்பு.

அவள் ரொட்டி சுடுகிற நாளில் இன்னொன்று பார்த்திருக்கிறேன். பலகையில் ஒட்டிய மாவைக் கையால் கூட்டி, ஊதாமல், மறுபடியும் டின்னுக்குள் போடுவாள். ஒரு சிட்டிகை கீழே சிந்தினால் யாராக இருந்தாலும் திட்டு விழும். இலங்கைத் தோட்டங்களில் 1973, 74-இல் பஞ்சம் வந்து, மாவு கிடைக்காமல் பட்டினியில் சனங்கள் செத்ததைப் பெரியவனான பிறகுதான் படித்தேன். அம்மா பிறந்தது அந்தக் காலத்தில். "அப்ப எனக்குப் பாலே வத்திப் போச்சு" என்று அம்மாயி ஒரே ஒருமுறை சொன்னாள், வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில்.

அப்படியானால் அந்தக் கோச்சி அவளுக்கு என்னவாக இருந்திருக்கும்? அக்காளைவிட்டுப் பிரிந்த வலி ஒரு பக்கம் இருக்கட்டும். விடியலில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் போய் நிற்க வேண்டியதில்லை, மடியில் கிடக்கிற பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று அவளுக்குத் தோன்றியிருக்காதா? நீலகிரியில், திரும்பி வந்தவர்களுக்காக அரசு போட்ட டான்டீ தோட்டத்தில், மறுபடியும் அதே கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு விடியலில் நிற்கப்போவது அன்றைக்கு அவளுக்குத் தெரியாது. இங்கே அவளைச் சிலோன்காரி என்பார்கள் என்பதும் தெரியாது. ஒருவேளை இவ்வளவு பெரிய காரணமெல்லாம் இல்லாமலும் இருந்திருக்கலாம். சுரங்கத்துக்குள் பிள்ளைகள் ஊளையிட்டிருக்கும், அவளும் சேர்ந்து சிரித்திருப்பாள். அவளுக்கு அப்போது இருபது வயதை ஒட்டித்தான் இருக்கும்.

ஒரு கையில் குழந்தை, மறு கையில் மூட்டை. வாயைப் பொத்தக் கை ஏது? எல்லா நாளும் முந்தானைக்குப் பின்னால் இப்படித்தான் பல்லுத் தெரியச் சிரித்தாளோ என்னவோ. அன்றைக்குக் கை ஒழியாததால் ஒருத்தி பார்த்துவிட்டாள்.

அம்மாவிடம் சொன்னேன். முகம் சுருங்கிப்போயிற்று. "அழுகைய அடக்குனா வாய் அப்படித்தான் கோணும். இருட்டுலேர்ந்து வெளிச்சத்துக்கு வந்தவங்களுக்கு எது சிரிப்பு, எது அழுகைன்னு எப்படித் தெரியும்?" என்றாள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. பிளாட்பாரத்தில் நின்ற அக்காளைக் கேட்கலாம் என்றால், அவரும் இப்போது இல்லை. இருந்தாலும் சுரங்கம் ஸ்டேஷனைத் தாண்டித்தான் வருகிறது, அவர் பார்த்திருக்க முடியாது.

அது சிரிப்பாகவே இருந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அம்மாவுக்கு அது அழுகையாக இருந்தால்தான் மனம் ஆறுகிறது, தன் அம்மா தன் பெரியம்மாவை அவ்வளவு சுலபமாக விட்டுவரவில்லை என்று. எங்கள் இருவர் ஆசையில் எது அம்மாயியோடு சேர்ந்தது, எது எங்களுக்காக நாங்கள் வைத்துக்கொண்டது என்று பிரித்துப் பார்க்க முயல்கிறேன். இன்னும் முடியவில்லை.