ஏதுப்போலியும் நம்மவர் வாதமும்

சிவஞானசித்தியாருள் அளவை கூறும் பகுதியிலே, பக்கப்போலி 4, ஏதுப்போலி 21, எடுத்துக்காட்டுப்போலி 18, தோல்வித்தானம் 22, ஆகப் போலிகள் 65 என அருணந்தி சிவாசாரியார் வகுத்தருளினர். பதி பசு பாசங்களை உணர்த்தப் புகுந்த நூலுக்கு இத்துணைத் தருக்கம் எற்றுக்கென வினவுவாருளர். பரசமயத்தாரை வெல்லுதற்குரிய படைக்கலமென்று விடைகூறி அமைவாரும் உளர். பிறர் வாதத்திற் குற்றங்காண்டல் எளிது. நாம் முன்னரே விரும்பியிருக்குந் துணிபினை நாட்டவந்த வாதத்திற் குற்றங்காண்டலோ மிக அரிது. போலிகளை அறியும் பயிற்சி பெரிதும் வேண்டப்படுவது அவ்விடத்தேயாம்.

ஏதுப்போலிகள் யாவும் அசித்தம், விருத்தம், அநைகாந்திகம் என்னும் மூன்றனுள் அடங்கும். ஒலி அநித்தியம், கண்ணாற் காணப்படுதலின் என்பது அசித்தம். அவ்வேது ஒலியின்கண் இல்லை. ஒலி நித்தியம், செய்யப்படுதலின் என்பது விருத்தம். செய்யப்படுதல் அநித்தியத்தையன்றோ சாதிக்கும்? இவை சிறுவர்க்கும் புலப்படுவன. அநைகாந்திகமோ, துணிபொருள் உள்ளவிடத்தும் இல்லாதவிடத்தும் ஒப்பச் செல்லும் ஏதுவாகலின், அறிஞரையும் மயக்கும்.

நம் சைவ மேடைகளிலே, "எம் சமயம் அநாதி, ஆகலின் அதுவே கொள்ளத்தக்கது" என முழங்குவாரைக் காண்கின்றோம். கேட்போர் மகிழ்ந்து கைகொட்டுதலும் உண்டு. சித்தாந்தம் பயின்றார் இங்கே சிறிது நின்று நோக்கல் வேண்டும். பதி அநாதி என்னும் நம் நூல்களே, செம்பிற் களிம்புபோல உயிரை மறைத்து நிற்கும் ஆணவமலமும் அநாதி என்கின்றன. அடையத்தக்க பதிக்கும் அகற்றத்தக்க மலத்துக்கும் பொதுவாகிய அநாதித்தன்மை, ஒன்று கொள்ளத்தக்கதென்பதற்கு ஏதுவாகுமாறு யாங்ஙனம்? அறியாமை பழமையில் யாதொன்றற்கும் குறைந்ததன்று! பலர் உடன்பட்டமையின் மெய் என்பதும் இவ்வினத்ததே. மறுப்பவன் ஒழுக்கங்குன்றியவனாகலின் அவன் கூற்றுப் பொய் என்பதோ இவற்றினும் இழிந்தது. ஒழுக்கமில்லான் கூறினும் இரண்டும் இரண்டும் நான்கேயாம்.

இவ்வாறு நம்மவர் வாதத்தை நாமே களைந்தால் சமயத்துக்கு இழுக்கு நேருமே எனச் சிலர் அஞ்சுவர். அவ்வச்சமே ஆராயத்தக்கது. மலைமேற் பனிப்படலத்தைக் கண்டு புகையென மயங்கி, ஆண்டுத் தீயுண்டு என்கின்றான் ஒருவன். புகையோ பனியோ எனத் துணியப்படாததனை ஏதுவாகக் கூறல் அசித்தத்தின் ஒருவகை என்பது மணிமேகலையுள்ளும் காணப்படும். அவ்வேது வீழ்ந்தது மெய்யே. ஆயினும் மலையில் தீயில்லை என்பது அதனாற் பெறப்படுமோ? படாது. தீயுண்டென்பது பிறிதோர் ஏதுவால் நிலைபெறலாம். ஆதலின் சமயத்துக்காகக் கூறப்பட்ட போலியைக் கைவிடுதல் சமயத்தைக் கைவிடுதலாகாது. கைவிட அஞ்சுவோரே சமயத்தை அப்போலியின்மேல் ஏற்றிவைத்தவராவர்.

இந்நியாயம் மறுதலையினும் செல்லும். எதிரியின் ஏதுவைப் போலியெனக் காட்டிய அளவானே நம் துணிபு நாட்டப்பட்டதாகாது. பரபக்கம் பாடிய ஆசிரியர் அவ்வளவில் நில்லாது சுபக்கமும் பாடியருளியதனை ஈண்டு நினைக. அவர்தம் ஆசிரியராகிய மெய்கண்டதேவரும், சிவஞானபோதத்துள் மேற்கோளும் ஏதுவும் எடுத்துக்காட்டும் தனித்தனி விளங்கவைத்து, வேண்டுவோர் வந்து ஆராய்க என்பார்போலத் திறந்துவைத்தனர். முதற் சூத்திரத்திலே உலகிற்கு ஒரு முதல்வன் உளன் என்பதற்கு அவர் காட்டிய ஏது, உலகம் தோன்றி நின்று ஒடுங்குதலேயாம்; முன்னோர் நம்பினர் என்பதும் அன்று, பலர் நம்புகின்றனர் என்பதும் அன்று.